ஒட்டு உத்திரமும் நமது சங்கங்களும்

கிடங்கோ தறிக்கூடமோ கட்ட வேண்டுமென்ற பேச்சு நமது சங்கங்களில் எழும்போதெல்லாம், நிர்வாகக் குழுவின் முன் பெரும்பாலும் இரண்டு திட்டங்களே வைக்கப்படுகின்றன. ஒன்று காங்கிரீட் தளம். மற்றொன்று இரும்புச் சட்டத்தின் மேல் தகரக் கூரை. மூன்றாவது வழி ஒன்று உண்டென்று எவரும் சொல்வதில்லை. அதே வேளையில், அதே சங்கத்தின் அங்கத்தினரான உழவர் ஒருவர், 15 ஆண்டுகள் நீர் ஊற்றி வளர்த்த மரத்தை டன் கணக்கில் எடை போட்டு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வருகிறார். மரம் ஒரு லாரியில் ஏறி ஊரை விட்டுப் போகிறது. இரும்பும் சிமெண்டும் மற்றொரு லாரியில் ஊருக்குள் வருகின்றன. இவ்விரு லாரிகளும் எதிரெதிரே கடந்து செல்வதைப் பற்றி அங்கத்தினர்கள் சற்றே சிந்திக்க வேண்டுமென்று விரும்பியே இதை எழுதுகிறோம்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இனிக் கட்டப்படும் சங்கக் கட்டடங்களில் ஒன்றேனும் மரக் கூரை தாங்கி நிற்க வேண்டும். அம்மரம் காட்டிலிருந்து வந்ததாக இராமல், உழவர் தம் வயலில் வளர்த்ததாக இருக்க வேண்டும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பலகைகளை இணைக்கும் பசையும், அதைப் பூசி ஒட்டிய வேலையும் சோதனைக்கு நின்று தேறியவையாக இருத்தல் வேண்டும். அந்த உறுதியைத் தர இயலாத இடத்தில் இம்முயற்சியைத் தொடங்கவே வேண்டாம் என்பதும் நமது கருத்தே.

மரக் கூரை நமக்குப் புதிதன்று. பனையின் புறவயிரத்தைப் பிளந்து கைமரமாக இட்டு, ஓடு வேய்ந்த வீடுகளில்தான் நமது நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்டார்கள். செட்டிநாட்டு மாளிகைகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்டு அமைத்த ‘மெட்ராஸ் டெரஸ்’ தளங்களைப் பழைய கட்டடங்களில் இன்றும் காணலாம். பிறகு பெரிய மரம் அரிதாயிற்று. காடு அழிவதைக் கண்டு அரசும் நீதிமன்றமும் தடைகளை விதித்தன. மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதை நிறுத்தியது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. இவை வேண்டிய தடைகளே. காட்டை வெட்டிக் கூரை போடுவதை நாம் ஒருநாளும் ஆதரிக்கவில்லை.

ஆனால் காட்டு மரம் வேறு. வயல் மரம் வேறு. உழவர் நட்டு வளர்த்து, வெட்டி விற்று, மீண்டும் நடுகின்ற மரம் ஒரு பயிரே. நெல்லுக்கு அறுவடை நான்கு மாதம் என்றால், இதற்குப் பத்தோ இருபதோ ஆண்டு, அவ்வளவே வேறுபாடு. இவ்வேறுபாட்டை அரசும் இன்று உணர்ந்திருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறை தான் விதித்த தடையை 2020-இல் நீக்கிக்கொண்டது. எனவே சட்டத்தின் தடையைக் காட்டிலும் நமது பழக்கத்தின் தடையே இப்போது பெரிதாக நிற்கிறது.

வயல் மரத்துக்கு ஒரு குறை உண்டென்பதை மறைப்பதற்கில்லை. அது இளமரம், பருமன் போதாது, கணுக்கள் அதிகம், நீண்ட உத்திரம் அதிலிருந்து ஒரே துண்டாகக் கிடைக்காது. 10 மீட்டர் அகலமுள்ள தறிக்கூடத்தை நடுவே தூண் இல்லாமல் மூடுவதற்கு அத்தகைய மரத்தால் என்ன பயன் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கிடைத்துவிட்டது.

ஜெர்மனியில் வைமார் நகரைச் சேர்ந்த ஒட்டோ ஹெட்சர் என்ற தச்சுத் தொழிலதிபர், மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பசையால் ஒட்டி, வளைவான உத்திரமாக்கும் முறைக்கு 1906-இல் காப்புரிமை பெற்றார். 1910-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், ஜெர்மன் ரயில்வேயின் மண்டபத்துக்கு 43 மீட்டர் அகலத்துக்குத் தூணில்லாத கூரை இம்முறையில் அமைக்கப்பட்டது. அக்காலத்தில் அவர்கள் பயன்படுத்திய பசை பாலிலிருந்து எடுத்த கேசின் என்னும் புரதத்தைச் சுண்ணாம்புடன் கலந்து செய்ததே. அமெரிக்காவில் 1934-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் பெஷ்டிகோ என்ற சிற்றூரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு இத்தகைய வளைவுகள் இடப்பட்டன. இன்று அதே மாநிலத்தின் மில்வாக்கி நகரில், 2022-இல் முடிந்த 25 மாடிக் கட்டடம் ஒன்று, காங்கிரீட் அடித்தளத்தின் மேல் பெரும்பகுதி ஒட்டு மரத்தாலேயே எழுந்து நிற்கிறது.

இதன் தத்துவத்தை நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை. பஞ்சு இழை ஒன்றைக் குழந்தையும் அறுத்துவிடும்; பல இழைகள் முறுக்கேறி நூலானால் அது பாவின் இழுப்பைத் தாங்குகிறது. ஓரிழை மெலிந்த இடத்தில் மற்றோரிழை வலிவாக இருப்பதால், குறை ஓரிடத்தில் திரளாமல் பங்கிடப்படுகிறது. ஒட்டு உத்திரத்திலும் இதுவே நடைபெறுகிறது. ஒரே துண்டான உத்திரத்தின் அடிப்பக்கத்தில் பெரிய கணு ஒன்று இருந்தால், முறிவு அங்கேதான் தொடங்கும். பலகைகளாக அறுத்தால் கணுவுள்ள பகுதியை வெட்டி நீக்கலாம். நல்ல துண்டுகளை இரு கை விரல்களைக் கோத்தாற்போல் முனைக்கு முனை கோத்து ஒட்டி நீளமாக்கலாம். வலிவான பலகையை மேலும் கீழும், எளியதை நடுவிலும் வைக்கலாம். பலகைகளைப் பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டினால், சுவராகவும் தளமாகவும் நிற்கக்கூடிய பெரும்பலகை கிடைக்கிறது. இம்முறை 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்தது. ஆக, சிறு மரத்திலிருந்து பெரிய உத்திரம் செய்ய வழி இருக்கிறது.

இதை இப்போது நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் யாது? உலகில் மனிதர் செயலால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவிகிதம் சிமெண்டு உற்பத்தியிலிருந்தே வருகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது, எரிபொருளின் புகையோடு கல்லிலிருந்தே அவ்வாயு பிரிந்து வெளியேறுகிறது. பருவமழை தவறுவதையும், கோடை நீள்வதையும் முதலில் உணர்பவர் நமது உழவரே. மரமோ அவ்வாயுவை உண்டு வளர்வது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். 600 கிலோ எடையுள்ள ஒரு கன மீட்டர் உலர்ந்த மரத்தில் 300 கிலோ கரிமம் இருக்கிறதென்றால், அது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரியமில வாயு 1,100 கிலோ ஆகும். விறகாக எரித்தால் அது அன்றே காற்றுக்குத் திரும்பிவிடும். உத்திரமாக நின்றால், கட்டடம் நிற்கும் 50, 60 ஆண்டுகளும் அது அங்கேயே அடைபட்டிருக்கும். வெட்டிய இடத்தில் வேறொரு மரம் நட்டால்தான் இக்கணக்கு முழுமை பெறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எடையிலும் ஆதாயம் உண்டு. இரும்புக் கம்பி இட்ட காங்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ. தேக்கு சுமார் 650 கிலோ. கூரை இலேசானால் அடித்தளத்தின் சுமையும் குறையும். களிமண் பூமியில் கட்டும் சங்கங்களுக்கு இது சிறிய விஷயமன்று. தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில் தறியில் அமர்ந்திருப்பவருக்கு, மரச் சட்டத்தின் மேல் ஓடு வேய்ந்த கூரையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் மரத்தின் சிறப்பு. இனி நாம் சொல்ல வேண்டிய கடினமான செய்திக்கு வருகிறோம். ஒட்டு உத்திரத்தின் உயிர் அதன் ஒட்டில் இருக்கிறது. மரம் நல்லதா என்பதைத் தச்சர் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார்; தட்டிப் பார்த்தும் சொல்வார். ஒட்டு நல்லதா என்பதை, உத்திரம் கூரையேறிய பின்பு எவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அது இரு பலகைகளுக்கு நடுவே மறைந்து கிடக்கிறது. பசையில் ஒரு பங்கு குறைத்தாலும், ஈரப் பலகையை ஒட்டினாலும் அன்று ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் கழித்து, கூரையின் கீழ் மனிதர் இருக்கும் ஒருநாளில் அது தெரியவரும்.

இதற்கு இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைச் சான்றாகக் காட்டுகிறோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையிடம் ‘மஸ்கிட்டோ’ என்ற விமானம் இருந்தது. அது பெரும்பாலும் மரத்தாலானது. மெல்லிய ஒட்டுப்பலகைகளையும் இலேசான பால்சா மரத்தையும் பசையால் இணைத்துச் செய்தது. 1944-இன் இறுதியில், இந்தியாவை உள்ளிட்ட கிழக்குப் போர்முனையில் அவ்விமானங்கள் சில விபத்துக்குள்ளாயின. நமது வெயிலும் மழையும் பசையைக் கெடுத்துவிட்டன என்ற பேச்சே முதலில் எழுந்தது. ஆனால் பின்னர் நடந்த ஆய்வில், பருவமழையையே காணாத விமானங்களிலும் அதே குறைகள் தென்பட்டன. தொழிற்சாலையில் ஒட்டிய வேலையே தரக்குறைவாக இருந்ததென்பது வெளியாயிற்று. பழி நமது தட்பவெப்பத்தின் மேல் விழுந்தது. பிழையோ ஒட்டிய கையில் இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் துயரமானது. ஜெர்மனியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள பாட் ரைகன்ஹால் என்ற ஊரில், பனிக்கட்டித் தளத்தின் மேல் சறுக்கி விளையாடும் மண்டபம் ஒன்று 1970-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதன் கூரையை ஒட்டு மரத்தாலான பெட்டி வடிவ உத்திரங்கள் தாங்கின. 2006 ஜனவரி 2 அன்று, கூரைமேல் பனி குவிந்திருந்த வேளையில், அது அப்படியே சரிந்தது. 15 பேர் மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். உத்திரங்களை ஒட்டியது யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை. உலர்ந்த இடத்தில் அப்பசை நன்கு நிற்கும். ஈரத்தில் நாளடைவில் வலுவிழக்கும். பனித்தளத்தின் மேலுள்ள காற்றோ எப்போதும் ஈரம் மிக்கது. வடிவமைப்புக் கணக்கிலும் பிழை இருந்தது. பின்னாளில் நடந்த பராமரிப்பும் போதவில்லை. எல்லாக் குறைகளும் ஓரிடத்தில் கூடின.

இந்நிகழ்ச்சியை நாம் இங்கு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நமது தறிக்கூடமும் ஈரமான இடமே. இழை அறாமல் இருப்பதற்காகத் தரையில் நீர் தெளித்து, காற்றில் ஈரத்தைக் காப்பது நெசவாளர் வழக்கம். சாயப் பட்டறையில் நீராவி ஓயாது எழுகிறது. நெல் கிடங்கின் கூரையும் ஐப்பசி மழையில் ஒழுகாமல் இருப்பதில்லை. ஆதலால் வெளிநாட்டில் பனி மண்டபத்துக்கு ஒவ்வாத பசை, உள்நாட்டில் தறிக்கூடத்துக்கும் ஒவ்வாது. மேசையும் அலமாரியும் செய்யும் யூரியா பசையைக் கொண்டு சங்கத்தின் உத்திரத்தை ஒட்ட எவரேனும் விலைப்புள்ளி கொடுத்தால், அது எவ்வளவு மலிவாயினும் நிராகரிக்க வேண்டும்.

ஈரத்தைத் தாங்கும் பசைகள் இல்லாமலில்லை. 1940-களில் ஃபீனால்-ரெசார்சினால் பசை வந்த பின்னரே, ஒட்டு உத்திரங்கள் கட்டடத்தின் வெளிப்புறத்திலும் பாலங்களிலும் துணிவுடன் இடப்பட்டன. அதன் ஒட்டுக்கோடு கரும்பழுப்பாகத் தெரியும். மெலமின் கலந்த பசைகளும், ஃபார்மால்டிஹைடு அறவே இல்லாத பாலியூரித்தேன் பசைகளும் இன்று வழக்கில் உள்ளன. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிவித்தது. ஆகவே ஒட்டும் கூடத்தில் காற்றோட்டமும், பசை கலப்பவருக்குக் கையுறையும் முகக் கவசமும் கட்டாயம் வேண்டும். பசை எதுவாயினும், அது கட்டட உத்திரத்துக்கென்றே செய்யப்பட்டதா என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

பசையைப் போலவே ஒட்டும் முறையும் முக்கியம். பலகை முதலில் உலர வேண்டும். ஈரம் சுமார் 12 சதவிகிதம் என்ற அளவுக்கு இறங்கியிருப்பது நலம். இதை உத்தேசமாகச் சொல்லாமல் ஈரமானியால் அளந்து எழுதி வைக்க வேண்டும். ஒட்டும் முகத்தை அன்றே இழைக்க வேண்டும். நேற்று இழைத்து நாளை ஒட்டுவது தவறு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், இவ்விஷயத்தில் அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். பசை பூசிய பின் பலகைகளைச் சீரான அழுத்தத்தில், பசைக்குரிய நேரம் முழுவதும் இறுக்கி வைக்க வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு நாள் வேலையிலிருந்தும் ஒரு முனைத் துண்டை அறுத்துச் சோதிக்க வேண்டும். நல்ல ஒட்டைப் பிளந்தால் மரம் கிழியும், ஒட்டு பிரியாது. ஒட்டு வழவழப்பாகப் பிரிந்தால் அன்றைய வேலை அனைத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். நீரில் ஊறவைத்து உலர்த்திப் பார்க்கும் சோதனையும் உடன் நடைபெற வேண்டும்.

பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளருக்கு இவை அந்நியமான பேச்சல்ல. கஞ்சி நீர்த்தால் இழை பஞ்சு பறக்கும். கெட்டியானால் இழை முறியும். வெயில் தப்பினால் பாவு முழுதும் வீணாகும். விடியலில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி ஆற்றும்போது காட்டிய கவனம் எதுவோ, அதுவே உத்திரம் ஒட்டுவதிலும் வேண்டப்படுகிறது.

அங்கத்தினர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபங்களையும் எண்ணிப் பார்த்தோம். கரையான் என்பது முதல் ஆட்சேபம். மரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, செங்கல் அல்லது காங்கிரீட் பீடத்தின் மேல் நிறுத்தி, மழை படாமல் காத்து, ஐ.எஸ். 401 தரக்குறிப்பின்படி மருந்தேற்றினால் கரையானைத் தடுக்கலாம். உட்புற மரத்துக்குப் போரான் உப்புகள் ஏற்றவை. நீர் பட்டால் அவை கரைந்துபோகும் ஆதலால் வெளிப்புறத்துக்கு உதவா. மருந்தும் பசையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை முன்பே சோதித்தறிய வேண்டும்.

தீ என்பது இரண்டாவது ஆட்சேபம். மரம் எரியும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பருத்த உத்திரம் சுள்ளியைப் போல எரிவதில்லை. அதன் புறம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கரியாகிறது. அரைமணி நேரத்தில் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். அக்கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிறது. இரும்போ 550, 600 டிகிரி வெப்பத்தில் தன் வலிவில் பாதியை இழந்து வளைகிறது. கரியாகும் அளவைக் கணக்கிட்டு உத்திரத்தின் பருமனைக் கூட்டுவதும், இணைப்புத் தகடுகளை மூடி வைப்பதும் பொறியாளர் கடமை. நூலும் பஞ்சும் அடுக்கிய இடத்தில் தீயணைப்புச் சாதனங்களும் இரு வாயில்களும் இருப்பது, கூரை எதனால் ஆனதாயினும், சங்கத்தின் கடமை.

செலவு என்பது மூன்றாவது. முதல் கட்டடத்துக்குச் செலவு கூடவே ஆகலாம். ஒட்டும் கூடமும், உலர்த்தும் அறையும், பழகிய கைகளும் அருகில் இல்லாத இடத்தில் எந்தப் புதிய முயற்சியும் மலிவாக முடிவதில்லை. ஆனால் செலவாகும் பணம் யார் கைக்குப் போகிறதென்பதையும் பார்க்க வேண்டும். ஹரியானாவின் யமுனாநகரில், உழவர்கள் வயலில் வளர்த்த பாப்ளர், யூகலிப்டஸ் மரங்களை நம்பிப் பெரிய ஒட்டுப்பலகைத் தொழில் எழுந்தது. மரம் உழவருடையது, ஆலையோ பிறருடையது. பலகையின் விலை ஏறும்போது மரத்தின் விலையும் ஏறுமென்ற உறுதி உழவருக்கு இல்லை. ஸ்வீடனில் 1938-இல் தோன்றிய சோத்ரா என்ற கூட்டுறவில், மரம் வளர்ப்போர் சுமார் 50 ஆயிரம் பேர் அங்கத்தினர். அறுவை ஆலைகள் அவர்களுடையவை. குறுக்கும் நெடுக்கும் ஒட்டிய கட்டடப் பலகை செய்யும் ஆலையும் அவர்களுடையதே. பின்லாந்தின் மெட்சாலிட்டோ கூட்டுறவிலும் ஏறக்குறைய 90 ஆயிரம் மரம் வளர்ப்போர் இணைந்திருக்கின்றனர். அங்கே சிறு நிலக்காரரும் ஆலைக்குப் பங்குதாரர்.

இத்தகைய அமைப்பு நம்மிடம் இல்லாததால் நேர்ந்த நட்டத்தைக் காவிரிப் படுகை அறியும். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. விழுந்த மரத்தை அகற்றுவதே பலருக்குச் செலவாயிற்று. முதிர்ந்த தென்னையின் புறப்பகுதி கனத்த, உறுதியான மரம்; நடுப்பகுதியே மென்மையானது. பிலிப்பைன்ஸ் நாட்டில் அதை அறுத்து வீடு கட்டும் வழக்கம் இருக்கிறது. அறுக்கவும், விரைந்து மருந்தேற்றவும், உலர்த்தவும் ஏற்பாடு இருந்திருந்தால், அத்தென்னைகளில் ஒரு பகுதியேனும் கூரையாகி நின்றிருக்கும்.

ஆகவே நமது யோசனைகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம். முதலாவது, ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினரின் நிலத்தில் நிற்கும் மரங்களுக்கு இனம், வயது, சுற்றளவு குறித்த பதிவேடு ஒன்றை வைக்கட்டும். எல்லா மரமும் எல்லாவற்றுக்கும் ஆகாது. சவுக்கு திருகி வெடிப்பது. உத்திரப் பலகைக்கு அது உகந்ததன்று. மலைவேம்பு இலேசானது, ஒட்டுப்பலகைக்கு நன்கு உதவும். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும், கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனமும் இவ்விஷயத்தில் ஆலோசனை கேட்கத்தக்க இடங்கள். தேக்கு போன்ற மரங்களை வெட்டுவதற்கும் கொண்டு செல்வதற்கும் உள்ள விதிகளை வனத்துறையிடம் முன்பே கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, ஒரு தனிச் சங்கம் இதில் இறங்க வேண்டாம். பல சங்கங்கள் சேர்ந்து அறுவை, உலர்த்தல், மருந்தேற்றல் ஆகியவற்றுக்குப் பொதுக்கூடம் ஒன்று அமைக்கட்டும். ஒட்டும் வேலையைத் தொடக்கத்தில், அதில் தேர்ந்தவரிடமே ஒப்படைக்கலாம். நமது தச்சர்கள் அருகிருந்து கற்கட்டும். மூன்றாவது, முதல் கட்டடம் சிறியதாக, 6 அல்லது 8 மீட்டர் அகலத்துக்கு மேற்படாததாக இருக்கட்டும். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் மரத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மர வடிவமைப்புக்கு ஐ.எஸ். 883 இருக்கிறது. அவற்றை அறிந்த பொறியாளர் கையொப்பமின்றி ஓர் உத்திரமும் ஏறக்கூடாது.

நான்காவது யோசனையையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம். ஒவ்வோர் உத்திரத்துக்கும் ஓர் எண் இட வேண்டும். அந்த எண்ணுக்கு நேரே, மரம் எவர் நிலத்தது, ஈரம் எவ்வளவு, பசை எது, ஒட்டிய நாள் எது, ஒட்டியவர் எவர், சோதனைத் துண்டு எப்படிப் பிளந்தது என்பவை சங்கப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். எந்த அங்கத்தினரும் கேட்டால் அப்புத்தகத்தைக் காட்ட வேண்டும். ஆண்டுக்கொருமுறை, மழைக்காலம் முடிந்ததும், ஏணி வைத்து ஏறி ஒட்டுக்கோடுகளைப் பார்த்து அதையும் எழுத வேண்டும். பால் சங்கத்தில் ஒவ்வொருவர் ஊற்றும் பாலையும் தினமும் இரு வேளை சோதித்துக் குறிக்கிறோம். தன் பாலைச் சோதித்ததற்காக எவரும் சினப்பதில்லை. தலைக்கு மேல் நிற்கும் உத்திரத்துக்கு அவ்வளவு கவனமாவது வேண்டாமா?

கண்ணால் பார்த்து அறிய முடியாத வேலையில், வாங்குபவர் வேறாகவும் செய்பவர் வேறாகவும் இருந்தால், மிச்சம் பிடிக்கும் ஆசை எங்கோ ஓரிடத்தில் நுழையும். மரம் கொடுத்தவரும், ஒட்டியவரும், கூரையின் கீழ் அமர்ந்து நெய்பவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினராக இருந்தால் அவ்வாசைக்கு இடம் குறையும். தன் மகளோ தம்பியோ அமரப்போகும் தறிக்கு மேலே ஈரப் பலகையை எவரும் மனமறிந்து ஒட்டமாட்டார். எனினும் அந்நம்பிக்கை ஒன்றே போதுமென்று நாம் சொல்லவில்லை. அதற்குத் துணையாகவே புத்தகமும் சோதனையும் வேண்டுமென்கிறோம்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் கட்டட விஷயம் வரும்போது, நிர்வாகக் குழுவினர் இம்மூன்றாவது திட்டத்தையும் ஆராய்ந்து, மதிப்பீடு பெற்று, அங்கத்தினர் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆராய்ந்த பின் காங்கிரீட்டே தகுதியென்று முடிவு செய்தாலும் நமக்கு வருத்தமில்லை. ஆராயாமலே ஒதுக்குவதுதான் வருத்தம். மரம் நட்டிருக்கும் அங்கத்தினர்கள், வெட்டுவதற்கு வியாபாரியை அழைக்கும் முன்பு, தம் மரத்தின் விவரத்தைச் சங்க அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு வருவார்களாக.